குப்பனூர் வழியாக ஐரோப்பா

திங்கட்கிழமை காலையில் ஊரே திரண்டு மாலை போட்டு, மேளம் அடித்து, ஐரோப்பாவுக்கு வழியனுப்பி வைத்த அமலியும் ஜேசுதாசும் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு மறுபடியும் ஏற்காட்டில் இருந்தார்கள். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அமலியாலேயே நம்ப முடியவில்லை. ராத்திரி சேலத்தில் தங்கி, காலையில் ஏறி உட்கார்ந்த டூரிஸ்ட் பஸ் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேடு தாண்டி, அடிவாரமும் வந்து, முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் முக்கி முனகித் திரும்பியபோது அவள் பக்கத்தில் இருந்த புதுப் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, இது நம்ம ரோடு மாதிரி இருக்குதுங்களே?"

ஜேசுதாஸ் எட்டு வருஷமாக அந்த மலைப்பாதையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவான்.

"நம்ம ரோடேதான்" என்றான்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவனிடமிருந்து வராது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருப்பதுதான் அவன் சுபாவம். கல்யாணம் ஆகி ஆறு நாளில் அவன் அவளிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது.

ஐந்தாவது வளைவில் கைடு தங்கராஜ் எழுந்து நின்றார். கழுத்தில் டை, கையில் சிவப்புக் குடை, மறு கையில் ஒலிபெருக்கி. "அன்பார்ந்த தம்பதிகளே! சீமைக்காரன் விசா தர மாட்டேனுட்டான். ஆனா நம்ம கடை ஏமாத்துற கடை இல்லீங்க. உங்ககிட்ட இருக்கற பாதிச் சீட்டைப் பின்னாடி திருப்பிப் பாருங்க. பொடி எழுத்துல 'ஐரோப்பா அல்லது அதற்கு நிகரான குளிர்ப்பிரதேசம்'னு அச்சடிச்சிருக்குது. அந்த நிகரான குளிர்ப்பிரதேசத்துக்குத்தான் இப்ப போயிட்டிருக்கோம். புரோகிராம் அதேதான். ஒரு எடம் விடமாட்டேன்."

பஸ்ஸில் இருந்தது ஆறு ஜோடி. மற்ற ஐந்து ஜோடிக்கும் ராசிபுரம், ஆத்தூர், ஓமலூர் பக்கம். அவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அப்புறம் ஜன்னலில் குரங்கைப் பார்த்ததும் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஐரோப்பா போகிறேன் என்று கிளம்பி சொந்த ஊருக்கே டூர் வந்த கொடுமை இந்த ஒரு ஜோடிக்குத்தான்.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். சேலம் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை. பேர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. எண்பத்தைந்தாம் வருஷம் ஆடித் தள்ளுபடியில் இருநூறு ரூபாய்க்குப் பாத்திரம் வாங்கினால் ஒரு பரிசுச் சீட்டு. குலுக்கலில் விழுந்தால் தம்பதி சமேதராக ஐரோப்பாவில் தேனிலவு, கைடு உண்டு, சாப்பாடு உண்டு. ஜேசுதாஸ் அம்மாவுக்கு ஒரு பெரிய இட்லிக் குண்டான் வாங்கினான். கிறிஸ்துமஸ் வாரத்தில் தபால் வந்தது: 'திரு. மற்றும் திருமதி ஜேசுதாஸ், வெள்ளக்கடை, ஏற்காடு. தாங்கள் இருவரும் பரிசு பெற்றுள்ளீர்கள்.'

திருமதியா? ஜேசுதாசுக்குக் கல்யாணமே ஆகவில்லையே!

அவன் அப்பா சிங்கராயர் எஸ்டேட்டில் ரைட்டர். பேரேட்டில் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் தூங்கமாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை மூன்று தடவை படித்தார். "கடைக்காரன் தப்பா எழுதீட்டான். பரவால்ல. நாம சரி பண்ணீரலாம்" என்றார். டூர் கிளம்ப ஒரு மாசம்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்கு ஒரு கடிதம் போட்டுத் திருத்தச் சொல்லியிருப்பார்கள். சிங்கராயர் கடிதத்தைத் திருத்தவில்லை, மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணினார்.

அப்படித்தான் குப்பனூர் ஆரோக்கியதாஸ் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். ஆரோக்கியதாஸின் மகள் அமலி, வெள்ளக்கடை பால்வாடியில் டீச்சர். தினம் காலையில் குப்பனூரிலிருந்து பஸ் ஏறி மேலே வருவாள். ஜேசுதாசை அவளுக்குத் தெரியும். மாசம் ஒரு தடவை ஜீப்பில் பால் பவுடர் மூட்டை கொண்டுவந்து இறக்குவான். "மூட்டை எங்கீங்க வெக்கறது?" என்பான். "உள்ள" என்பாள். இரண்டு வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு வார்த்தை இவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று ஒரு பேச்சுக்காவது கேட்டார்களா? இல்லை. "பொண்ணுக்கு பஸ்ல வாந்தி வருங்களா?" என்று கேட்டார்கள். "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து, ஜனவரி இருபத்திரண்டாம் தேதி தாலி கட்டி முடித்துவிட்டார்கள். ஓலை வாசித்த அன்றே தண்ணிக் குழாயடியில் பொம்பளைகள் பேசியது அமலி காதில் விழுந்தது. "அந்தப் புள்ளைகிட்ட ஸ்வெட்டர் இருக்குதில்ல? அதான் அவளப் புடிச்சாங்க. வேற பொண்ணுன்னா ஸ்வெட்டர் வேற வாங்கோணும்."

அமலிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சிவப்பு ஸ்வெட்டர், அவளே பின்னியது. சீட்டில் ஒரு திருமதி காலியாக இருந்தது, அதை நிரப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது, கையில் ஸ்வெட்டரோடு நான் கிடைத்தேன், அவ்வளவுதானா? இவருக்கு வேண்டியது நானா, பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆளா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், ஐரோப்பா நாசமாய்ப் போகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கேட்பதற்குத் தனியாக ஐந்து நிமிஷம் வேண்டுமே. மாமியார் வீட்டில் ஒரே அறை, உள்ளே ஒன்பது பேர். டூரில் கேட்டுக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்தாள்.

டூரிலோ, லாட்ஜுக்குப் போனால் ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால்!

"தேனிலவுன்னு சொன்னீங்களே?" என்று ராசிபுரம் நெய்க்கடை மாதப்பன் சண்டைக்கு நின்றார். அவருக்குக் கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷம்.

"தேனிலவு பகல்லதானுங்க. புரோகிராம்ல போட்டிருக்குது பாருங்க, காலை ஒம்பது முதல் மாலை அஞ்சு" என்றார் தங்கராஜ்.

மாதப்பனின் மனைவி கிருஷ்ணம்மாள் முழு மனசோடு கைடு பக்கம் சாய்ந்தாள். "எனக்கு இதுதானுங்க வசதி. முப்பத்தொரு வருசமா இவர் கொறட்டையக் கேட்டாச்சு."

வீட்டுக்கும் போக வழியில்லை. சிங்கராயர் ஊரெல்லாம் வடை கொடுத்துச் சொல்லியிருந்தார். ரோமாபுரியிலிருந்து ஜெபமாலை இருபத்தேழு, லூர்து தண்ணீர் ஒன்பது பாட்டில், தூக்கத்தில் எழுப்புகிற கடிகாரம் மூன்று என்று ஆளாளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரே நாளில் திரும்பிப் போய் நின்றால் அந்த மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? ஜேசுதாஸ் குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டான். "ஏழு நாளு. ஓட்டீரலாம்" என்றான். அமலி முக்காடு போட்டு, அதன்மேல் மப்ளரைச் சுற்றி, மூக்கை மட்டும் வெளியே விட்டாள். சிவப்பு ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் அடியில் புதைத்துவிட்டாள்.

முதல் நாள் ஏரிக்கரை. "இது ஜெனீவா ஏரி" என்றார் தங்கராஜ். "கண்ணால ஏரியப் பாருங்க, மனசால ஜெனீவாவ நெனைங்க." படகுக்காரன் லாசர், ஜேசுதாசோடு எட்டாங் கிளாஸ் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் குல்லாவை ஒரு பார்வை பார்த்தான். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே ஜேசுதாசின் கன்னத்தில் சின்ன வயசில் அவனே கல்லெறிந்து உண்டாக்கிய தழும்பை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, "வெல்கம் சார். வெல்கம் மேடம். விச் கண்ட்ரி?" என்றான்.

"ஓமலூர்" என்றான் ஜேசுதாஸ், குரலை மாற்றி.

"வெரி நைஸ் கண்ட்ரி" என்றான் லாசர். துடுப்பை எடுத்தவன் ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அமலிக்கு அப்பாடா என்று இருந்தது. கண்டுபிடிக்கவில்லை!

இரண்டாம் நாள் அந்த அப்பாடாவும் போயிற்று. புரோகிராமில் 'பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டம், தொழிலாளர்களுடன் உரையாடல்' என்று இருந்தது. தங்கராஜ் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியது வெள்ளக்கடையில், ஜேசுதாஸ் வேலை பார்க்கிற அதே எஸ்டேட்டில். காப்பிப் பழம் பறிக்கிற காலம். செடிகளுக்கு நடுவே இடுப்பில் சாக்கு கட்டிய பெண்கள். முன் வரிசையில் மூன்றாவது ஆள், ஜேசுதாசின் அம்மா சாந்தாமேரி.

அமலி மப்ளரை மூக்குக்கு மேலேயும் ஏற்றிக்கொண்டாள். ஜேசுதாஸ் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நகரப் பார்த்தான். தங்கராஜ் விடுவாரா? "அந்தக் குல்லாத் தம்பதி, முன்னால வாங்க! நீங்கதான் போட்டோவுக்கு வரவே மாட்டீங்கறீங்க. அம்மா, நீங்களும் வாங்க, நடுவுல நில்லுங்க. பிரான்ஸ் பாட்டாளியோட ஒரு படம்."

சாந்தாமேரி கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் பெற்ற மகன், அந்தப் பக்கம் மருமகள். கேமரா கிளிக் என்றது. சாந்தாமேரி நகரவில்லை.

"எந்தூருங்க கண்ணு?" என்று அமலியைக் கேட்டாள்.

"ஓ... ஓமலூருங்க."

"நொம்பக் குளுருதுங்களா? எம் பையனும் மருமவளும்கூட சீமைக்குப் போயிருக்காங்க. அந்தப் புள்ளைக்கு சளி புடிச்சா லேசுல விடாது. நல்ல சேப்பு ஸ்வெட்டர் ஒண்ணு வெச்சிருந்துச்சு, போட்டுக்குதோ என்னமோ. நீங்க அந்தப் பக்கம் போனா, எங்கியாச்சும் பார்த்தா, ஸ்வெட்டரப் போட்டுக்கச் சொல்லுங்க சாமி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க. அவிய அப்பா தெனம் சாயங்காலம் டீக்கடையில மேப்ப விரிச்சு வெச்சுக்கிட்டு, இப்ப இங்க இருப்பாங்க, இப்ப அங்க இருப்பாங்கன்னு சொல்லீட்டிருக்காரு. அவரு சந்தோசத்துக்கு ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லுங்க."

இடுப்பிலிருந்து நாலு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அமலி கையில் வைத்து மூடினாள். "பிரான்ஸ் பழம். சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று செடிக்குள் போய்விட்டாள். பறிக்கிற பெண்கள் பத்துப் பதினைந்து பேரும் தலையைக் குனிந்து பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை தோளும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. லாசருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், நேற்று ஏரிக்கரையில் வேர்க்கடலை விற்றவளுக்கும் தெரியும். சிங்கராயர் மானம் போகக்கூடாது என்று மலையே ஒன்று கூடி இவர்களுக்கு ஐரோப்பாவாக இருந்துகொண்டிருக்கிறது! அன்றிலிருந்து பார்க்க வேண்டுமே. பஸ் கண்டக்டர் அவர்களைக் கண்டால் "எக்ஸ்க்யூஸ் மீ" என்றான். டீக்கடைக்காரர் தினம் கொடுக்கிற கண்ணாடி டம்ளரை விட்டுவிட்டு, எங்கிருந்தோ பீங்கான் கோப்பை இரவல் வாங்கி வந்து அதில் டீ கொடுத்தார். பால்வாடிப் பிள்ளைகள் வரிசையாக வந்தபோது ஒரு வாண்டு மட்டும் "அமலி டீச்ச..." என்று ஆரம்பிக்க, பின்னால் வந்த ஆயா அதன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மானம் தப்பித்தது. ஆனால் அமலிக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஊர் முழுக்க இவ்வளவு அன்பாக இருக்கிறதே, தாலி கட்டியவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

நாலாம் நாள் கரடியூர் மலைமுனை. "இது ஈபில் டவரோட உச்சி" என்றார் தங்கராஜ். பனி இறங்கி எதிரே ஒன்றுமே தெரியவில்லை. கிருஷ்ணம்மாள் புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தாள், எல்லாரும் டவரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். அமலி விறுவிறு என்று கம்பி வேலி ஓரம் நின்ற ஜேசுதாசிடம் போனாள். மப்ளரை இறக்கினாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லோணும். இந்தச் சீட்டு விழுகலைன்னா என்னையக் கட்டியிருப்பீங்களா?"

ஜேசுதாஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். கண்ணாடியைக் கழற்றினான். வாயைத் திறந்தான். அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்து மூடிக்கொண்டான். அமலி திரும்பிப் பார்த்தாள். நாலடி தள்ளி தங்கராஜ், சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துத் தலை எண்ணிக்கொண்டு நின்றார்.

"அது... சீட்டு... அதப்பத்தி இப்ப பேச வேண்டாம் அமலி" என்றான்.

"வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் கண் நிரம்பிவிட்டது. பனி நல்லதாகப் போயிற்று, யாரும் பார்க்கவில்லை. கட்டியிருப்பேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே! சரி, பதில் கிடைத்துவிட்டது. அமலி அந்த இடத்திலேயே முடிவு பண்ணினாள். திங்கட்கிழமை பஸ் குப்பனூர் ரோடு வழியாகத்தான் இறங்குகிறது. குப்பனூரில் அப்பா வீட்டு வாசலிலேயே நிற்கும். அங்கே இறங்கிவிடுவாள். மேலே திரும்பி வரமாட்டாள். ஸ்வெட்டர் வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரோமாபுரி. அதாவது ஊர்க் கோயிலில் எட்டு மணிப் பூசை. குல்லாவும் கண்ணாடியும் ஏரியில் செல்லும், எஸ்டேட்டில் செல்லும், கோயிலுக்குள் ஆம்பளை தலையில் குல்லாவோடு நிற்க முடியுமா? ஜேசுதாஸ் வாசலில் சிலுவை போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல், குல்லாவைக் கழற்றினான். அவ்வளவுதான், முந்நூறு பேரும் ஒன்றாகக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவர்கள் கடைசி பெஞ்சில் போய் உட்காரும்வரை ஒரு கழுத்து இறங்கவில்லை. சாமியார்கூட மன்றாட்டு நேரத்தில் கூரையைப் பார்த்தபடியேதான் சொன்னார்: "இந்நேரம் ரோமாபுரியில் பூசை காணும் நம் பிள்ளைகள் ஜேசுதாஸ், அமலி இருவரும் ஒரே மனதாக வாழ வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. அமலியும் மப்ளருக்குள் அழுதுகொண்டே சொன்னாள்.

முதல் பெஞ்சில் இருந்த சிங்கராயர் மட்டும் கூரையைப் பார்க்காமல் திரும்பினார். மகனை நேருக்கு நேர் ஒரு முழு நிமிஷம் பார்த்தார். அமலி தலையைக் குனிந்துகொண்டாள். சிங்கராயர் பக்கத்தில் இருந்தவரிடம், கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி, "அந்த வெளியூர்த் தம்பிக்கு நம்ம ஜேசுதாஸ் சாயல் கொஞ்சம் இருக்குதுங்க. ஆனா நம்ம பையன் இன்னும் நல்ல கலரு" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு பீடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பஸ் குப்பனூர் ரோட்டில் இறங்கத் தொடங்கியது. அமலி தன் பெட்டியைக் காலடியிலேயே வைத்துக்கொண்டாள். ஜேசுதாஸ் அதைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால்தானே அதிசயம்!

பாதி மலை இறங்கியதும் தங்கராஜ் ரெக்ஸின் பையைத் திறந்தார். ஜோடிக்கு ஒரு படிவம். 'ஐரோப்பாவைப் பெற்றுக்கொண்டோம், முழுத் திருப்தி.' கீழே பேர், ஊர், திருமணமான தேதி, கணவன் மனைவி கையெழுத்து. ஒவ்வொரு படிவத்தோடும், அன்று கடைப் பெட்டியில் எழுதிப் போட்ட பரிசுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜேசுதாஸ் பேனாவை வாங்கினான், தேதி என்ற இடத்தில் நிறுத்தினான், கடைசியில் 22-1-86 என்று எழுதிக் கொடுத்தான். பொய் எழுதுகிற கை இல்லை அது.

தங்கராஜ் படித்தார். குண்டூசியை எடுத்துச் சீட்டைப் படித்தார். மறுபடி படிவத்தைப் படித்தார். அப்புறம் ஒலிபெருக்கியை எடுத்தார். இரண்டடி தூரத்தில் இருப்பவனிடம் பேச ஒலிபெருக்கி எதற்கு? அவருக்குப் பழகிவிட்டது.

"என்ன சார் இது? கல்யாணம் போன மாசம் ஆயிருக்குது. சீட்டு எழுதுனது போன ஆடியில, நாலு எட்டு எண்பத்தஞ்சு. தம்பதிக்கு மட்டும்தான் பரிசு. ஆடியில உங்களுக்குப் பொண்டாட்டியே கெடையாது. அப்புறம் எப்படி சார் எழுதுனீங்க?" சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் பஸ் முழுக்க அதிரும்படி வாசித்தார்: "மனைவி பெயர்: அமலி, தகப்பனார் ஆரோக்கியதாஸ், குப்பனூர்!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜேசுதாஸ் பக்கம் திரும்பியது.

"இது கள்ளச் சீட்டு" என்றார் தங்கராஜ். "ரூல்படி பரிசு செல்லாது. நீங்க ஐரோப்பாவத் திருப்பிக் குடுத்தாகணும்."

"எப்புடீங்க திருப்பிக் குடுக்கறது?" என்றார் மாதப்பன். "பார்த்ததெல்லாம் பார்க்காத மாதிரியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கடையில கேட்டா நான் என்ன சொல்றது?"

அமலி கையை நீட்டினாள். "அதக் கொஞ்சம் குடுங்க."

பொடி மஞ்சள் சீட்டு. இட்லிக் குண்டான், ரூபாய் இருநூற்றுப் பதினைந்து. கணவர் பெயர் அவசரமாகக் கிறுக்கியிருந்தது. மனைவி பெயர் அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்தும் நிறுத்தி நிதானமாக, பால்வாடிப் பிள்ளை சிலேட்டில் எழுதுவதுபோல அழுத்தி எழுதியிருந்தது. ஆடி மாசம்! அப்போது கடிதமும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை, ஸ்வெட்டர்கூட இல்லை. ஸ்வெட்டரை அவள் பின்ன ஆரம்பித்ததே ஐப்பசியில். கடைக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று மாமனார் சொன்னாரே, கடைக்காரனா எழுதினான்?

அவள் ஜேசுதாசைப் பார்த்தாள். அவன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எதுக்குங்க எழுதுனீங்க?"

"எழுதிப் பாக்கோணும்னு இருந்துச்சு" என்றான். "உம் பேரை வேற எங்க எழுதறது? ஊட்டுல எழுதுனா அப்பா படிச்சுருவாரு. எஸ்டேட்டுல எழுதுனாலும் அப்பாதான் படிப்பாரு. சேலத்துல நம்மள ஆருக்குத் தெரியப் போவுதுன்னு எழுதீட்டேன். விழுகும்னு நெனைக்கலை."

"விழுந்தப்பறம்?"

"பயந்துட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொன்னேன். பொய்ய எழுதீட்ட, ஒண்ணு பரிசத் திருப்பிக் குடு, இல்லீன்னா போயி முறையாப் பொண்ணு கேட்டு அத உண்மையாக்குன்னாரு. அம்மாகிட்ட உம் பேரச் சொன்னேன். அன்னைக்குக் கரடியூர்ல சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். இவரு பின்னாடியே நிக்கறாரு. கேட்டுட்டு உன்னையும் சேர்த்து எறக்கி உட்டுட்டா?"

கல்யாணமான பன்னிரண்டு நாளில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது. கிருஷ்ணம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் இருக்கீங்களே. முப்பத்தொரு வருசத்துல எங்கியாச்சும் என் பேர எழுதியிருக்கீங்களா?" மாதப்பன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

அமலி சீட்டைத் தங்கராஜிடம் கொடுக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். படிவத்தை வாங்கி, மனைவி கையெழுத்து என்ற இடத்தில் தன் பேரை எழுதினாள்.

"கள்ளச் சீட்டு இல்லீங்க" என்றாள். "அவரு எழுதுனது உண்மைதான். எங்கிட்டச் சொல்லாம இருந்துட்டாரு, அவ்வளவுதான். கடையில கேட்டா சம்சாரமே வந்து சொல்லுச்சுன்னு சொல்லுங்க."

"அப்ப சரீங்க" என்றார் தங்கராஜ். ஐரோப்பாவைத் திரும்ப வாங்கி எங்கே வைப்பது என்று அவரும் குழம்பிப் போய்த்தான் இருந்தார்.

பஸ் குப்பனூரில் நின்றது. ரோட்டோரம் ஓட்டு வீடு. வாசலில் ஆரோக்கியதாஸ் புளியை உலர வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மகளைப் பார்த்தார். மேலேயிருந்து சேதி வந்திருக்க வேண்டும். சட்டென்று முகத்தைத் திருப்பி, வானத்தைப் பார்த்து, "குட் மார்னிங்" என்றார்.

"அப்பா, நாந்தாங்கப்பா!" என்று கத்தினாள் அமலி. பெட்டியைத் திறந்து சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து, அந்த வெயிலில், எல்லாரும் பார்க்கப் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க, எறங்குங்க. ஐரோப்பா அவசரத்துல எங்கூட்டுக்கு மறுவூடுகூட வராம போனோம். ரெண்டு நாள் இருந்துட்டு அப்பறம் மேல போலாம்."

ஜேசுதாஸ் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஆரோக்கியதாஸ் திண்டாடிப் போய் புளிக் கையோடு கும்பிட்டார். பஸ் கிளம்பியது, ஒலிபெருக்கியில் தங்கராஜ் "ஐரோப்பா முடிந்தது, ஐரோப்பா முடிந்தது" என்று அறிவித்துக்கொண்டே போனார். ஜேசுதாஸ் வாசற்படியில் நின்றான். ஒரு வீட்டுக்குள் மாப்பிள்ளையாக எப்படி நுழைவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத்தான் கேட்டான்.

"மூட்டை எங்கீங்க வெக்கறது?"

அமலி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

"உள்ள" என்றாள்.